மழை மாத ஜீவனாம்சம்

கூண்டில் நின்றவர் கொத்தனார். “மாசம் எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். “மாசக் கணக்கு சொல்லத் தெரியலீங்க” என்றார் கொத்தனார். “சரி, நாள் கூலி?” “ஆயிரங்க.” “அப்போ மாசம் முப்பதாயிரம். எழுதிக்கலாமா?” அவர் நீதிபதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

முப்பதாயிரம் என்பது பொய். ஆனால், அவருக்காகத் தாக்கலாகியிருந்த எதிருரையில் அதைவிடப் பெரிய பொய் இருந்தது. ‘எதிர்மனுதாரருக்கு நிலையான தொழிலோ வருமானமோ கிடையாது, வயது முதிர்ந்த தாயாரின் ஆதரவில் காலம் தள்ளி வருகிறார்.’ அதைத் தயாரித்தவள் நான். ஜீவனாம்ச வழக்குகளில் அப்படி எழுதுவதுதான் பழக்கம் என்று மூத்தவர்களிடம் கற்றிருந்தேன். இன்று அப்படி எழுத மாட்டேன்.

கூண்டுக்கு நேர் எதிரே அவர் மனைவி நின்றார். கையில் மஞ்சள் பை. அதற்குள் பள்ளி வேன் கட்டண ரசீது, நோட்டுப் புத்தகம் வாங்கிய பில், சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் எழுதிய சீட்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் பதினைந்தாயிரம் கேட்டிருந்தார். அந்தத் தொகை அவருடைய வழக்கறிஞர் போட்டது. அவரைத் தனியாகக் கேட்டிருந்தால், “மாசா மாசம் ஐயாயிரம் தவறாம வந்தா போதும்” என்றுதான் சொல்லியிருப்பார். பின்னாளில் அப்படித்தான் சொன்னார்.

ஒரு பக்கம் முப்பதாயிரம், மறுபக்கம் பூஜ்யம். நடுவில் எங்கோ இருந்த உண்மையை நீதிமன்றம் ஊகித்துப் பிள்ளைக்கு மூவாயிரம் வீதம் ஆறாயிரம் என்று உத்தரவிட்டது. மனு தாக்கலான நாளிலிருந்து கட்ட வேண்டும். வழக்கு முடிய இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. தீர்ப்பு சொன்ன அன்றே கொத்தனாரின் தலையில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் பாக்கி ஏறியது. நடுநடுவே அவர் கையில் கொடுத்திருந்த பணம் எதற்கும் சீட்டு இல்லை. மனைவியின் அண்ணன் வழியாகக் கொடுத்தது, தீபாவளிக்குத் துணி எடுத்தது, பேருந்து நிலையத்தில் வைத்து மகளிடம் திணித்த ஐந்நூறு. எதுவும் கணக்கில் ஏறவில்லை.

குடும்ப நல நீதிமன்ற வராந்தாக்களில் இப்படிப்பட்ட வழக்குகள் வாய்தா வாய்தாவாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. நான் இரண்டு பக்கமும் வாதாடியிருக்கிறேன். கூலிக்காரத் தகப்பன்மார்களுக்காகவும் நின்றிருக்கிறேன். அவர்களிடமிருந்து பணம் வராமல் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்களுக்காகவும் நின்றிருக்கிறேன். இந்த இருவரில் ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கி எழுதுவது எனக்கு முடியாத காரியம். ஆனால், ஒன்றை உறுதியாகச் சொல்வேன். வருமானம் மாதந்தோறும் வராத ஒருவரிடம் சட்டம் மாதந்தோறும் ஒரே தொகையைக் கேட்கிறது. அது வராத மாதத்தின் முழுப் பாரமும் தாயின் தலையில் இறங்குகிறது. தகப்பனின் பாக்கி காகிதத்தில் ஏறுகிறது. தாய்க்கோ ஐந்தாம் தேதி வாடகை, பத்தாம் தேதி வேன் காசு.

ஜீவனாம்சத்துக்கான குற்றவியல் வழி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆவது பிரிவிலேயே அது உண்டு. அதிகபட்சம் மாதம் 50 ரூபாய் என்று அன்று வரம்பு வைத்தார்கள். பிறகு 100 ஆயிற்று, 1955இல் 500 ஆயிற்று. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 125ஆவது பிரிவாக வந்தபோதும் அதே 500தான். 2001இல் வந்த திருத்தம்தான் அந்த உச்சவரம்பை எடுத்தது. வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம், நோட்டீஸ் சார்பு செய்த 60 நாளுக்குள் முடிந்தவரை அதை முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு அந்த இடத்தில் இருக்கிறது. எண் மாறியது, உள்ளடக்கம் ஏறத்தாழ அதேதான்.

இந்தப் பிரிவு தொடங்கும் இடத்தில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: போதிய வசதி இருந்தும் பராமரிக்காமல் விடுகிறவர். பணம் கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பும் இடத்தில் இன்னொரு சொற்றொடர்: போதிய காரணமின்றி. இரண்டும் ஏழைத் தகப்பனுக்காகச் சட்டம் விட்டுவைத்த சன்னல்கள். நடைமுறையில் இரண்டையும் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

ஏன் குறைவு என்பதற்கும் நியாயம் இருக்கிறது. வசதி இல்லை என்று சொல்லாத கணவனே கிடையாது. கடை வைத்திருப்பவர் கடை அண்ணன் பெயரில் என்பார். லாரி வைத்திருப்பவர் அதன் டிரைவர் என்பார். வழக்கு வந்தவுடன் வேலையை விடுகிறவர்கள் உண்டு. வீட்டை அம்மா பெயருக்குத் தானப் பத்திரம் எழுதுகிறவர்கள் உண்டு. இவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த நீதிமன்றங்கள் ஒரு பதிலை வைத்திருக்கின்றன: உடல் நலத்தோடு இருக்கிற ஆண் உடலுழைப்பு செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும். உச்ச நீதிமன்றம் 2014, 2015, 2022 என்று திரும்பத் திரும்ப இதைச் சொல்லியிருக்கிறது. நான் இதை முழு மனதோடு ஏற்கிறேன். பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவது வருமான வரிக் கணக்கைப் பார்த்து முடிவாகும் கடமை இல்லை.

ஆனால், இந்த வாக்கியம் சொகுசாக இருந்துகொண்டு கையை விரிப்பவரைப் பார்த்துச் சொன்னது. கொத்தனார் ஏற்கெனவே உடலுழைப்புதான் செய்கிறார். அவரிடம் இதைச் சொல்வதால் புதிதாக ஒரு ரூபாய்கூடப் பிறப்பதில்லை. கேள்வி அவர் உழைக்கிறாரா என்பதல்ல, ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்பது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி ஐப்பசியை ஒட்டிய அந்த மூன்று மாதங்களில் கொட்டுகிறது. அப்போது அஸ்திவாரம் தோண்டுவதில்லை, பூச்சு வேலை எடுப்பதில்லை. மார்கழியில் புது வீடு தொடங்க மாட்டார்கள். மணல் விலை ஏறினால் வேலை நிற்கும். வீட்டுக்காரருக்கு வங்கிக் கடன் தவணை வரவில்லை என்றாலும் நிற்கும். கொத்தனாரை உட்கார வைத்து நான் ஒருநாள் மாதம் மாதமாகக் கணக்குப் போட்டேன். நல்ல மாதத்தில் இருபத்திரண்டு நாள். மழை மாதத்தில் ஆறு, ஏழு. சராசரி பார்த்தால் பதினைந்தாயிரத்துக்குச் சற்று மேலே வந்தது. முப்பதாயிரமும் இல்லை, பூஜ்யமும் இல்லை. அந்தக் கணக்கை வழக்கின் முதல் நாளே தாக்கல் செய்திருந்தால் தீர்ப்புத் தொகை பெரிதாக மாறியிருக்காது என்றுகூட நினைக்கிறேன். ஆனால், அவர் சொல்வது நம்பப்பட்டிருக்கும். அதன் பிறகு அவர் கேட்ட ஒவ்வொரு தவணைக்கும் அந்த நம்பிக்கை துணை நின்றிருக்கும்.

மீன்பிடித் தொழிலில் இது இன்னும் வெளிப்படை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. தடை முடிகிற நேரத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது. இரண்டு மாதம் கடலுக்குப் போகாத தகப்பனிடம் சீருடைக்கும் புத்தகப் பைக்கும் பணம் கேட்கும் மாதம் ஜூன். தூத்துக்குடி உப்பளத்தில் மழைக்காலம் முழுக்க வேலை இல்லை. இந்த இரண்டு தொழிலாளிகளுக்கும் வேலையில்லாக் காலத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. அதாவது, இந்த மாதங்களில் இவர்களுக்கு வருமானம் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறது. அதே அரசின் சட்டம் இன்னோர் அறையில் அமர்ந்துகொண்டு அதே மாதத்துக்கு முழு ஜீவனாம்சப் பாக்கியைக் கணக்கிடுகிறது. இரண்டு காகிதங்களும் சந்திப்பதே இல்லை.

வருமானத்தை எப்படி நிரூபிப்பது என்ற சிக்கலுக்கு உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4 அன்று ஒரு வழி சொன்னது. நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர்.சுபாஷ் ரெட்டி அமர்வின் அந்தத் தீர்ப்புதான் இன்று எல்லா ஜீவனாம்ச வழக்குகளுக்கும் அடிப்படை. கணவன், மனைவி இருவருமே சொத்து, வருமானம், கடன், செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். இடைக்கால மனுவை நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும். ஜீவனாம்சம் மனுத்தாக்கல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் கிடையாது. இவ்வளவும் அதில் உண்டு. நிகரச் சம்பளத்தில் கால் பங்கு நியாயமானது என்று 2017இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கூலிக்காரர் வந்தாலும் ‘இருபத்தைந்து சதவீதம்’ என்று வாதாடும் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பை இன்னொரு முறை படிக்கலாம். அந்த 2017 வழக்கு சம்பளக்காரர் ஒருவரின் மனைவிக்கானது.

2020 தீர்ப்போடு மூன்று மாதிரிப் படிவங்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று பொதுவானது. இன்னொன்று விவசாயத்தைச் சார்ந்து வாழ்பவர்களுக்கு. மூன்றாவது மேகாலயத்துக்கு மட்டும். நிலம், விளைச்சல், கால்நடை என்று கேட்கிற தனிப் படிவம் ஒன்றைச் செய்தபோதே, வருமானம் எல்லாருக்கும் ஒரே வடிவில் வருவதில்லை என்பதை நீதிமன்றம் உணர்ந்திருக்கிறது. நிலமில்லாத தினக்கூலிக்கு நான்காவதாக ஒரு படிவம் வேண்டும். அதில் மாதச் சம்பளம் என்ற கட்டமே இருக்கக் கூடாது. கடந்த பன்னிரண்டு மாதங்களைத் தனித்தனியாக எழுதி, எத்தனை நாள் வேலை, என்ன கூலி, அட்வான்ஸ் வாங்கியது எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று கேட்க வேண்டும். நலவாரிய அட்டை இருக்கிறதா, எந்த மேஸ்திரியிடம் வேலை என்று கேட்க வேண்டும்.

கூலிக்கு ஆதாரம் ஏது என்று கேட்ட காலம் போய்விட்டது. இன்று சித்தாள் கூலிகூட ஜிபேயில் வருகிறது. கைப்பேசியில் இருக்கும் அந்த வரிசைதான் தினக்கூலியின் சம்பளச் சீட்டு. ஒளிப்பவருக்கு எதிராகவும் அது பேசும், உண்மை சொல்பவருக்கு ஆதரவாகவும் பேசும். உணவு டெலிவரி செய்யும் இளைஞர்களின் கணக்கோ வாரா வாரம் செயலியிலேயே இருக்கிறது. ஆனால், அதில் தெரியும் தொகையில் பெட்ரோலும் வண்டித் தவணையும் கழிக்கப்படவில்லை. அதை அப்படியே வருமானமாக எடுத்துக்கொண்ட உத்தரவை நான் பார்த்திருக்கிறேன்.

குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இல் வந்ததே இப்படிப்பட்ட விசாரணைக்குத்தான். சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகளுக்குள் அடங்காத ஆவணத்தையும், தகராறைத் தீர்க்க உதவும் என்றால் நீதிபதி பார்க்கலாம் என்று அதன் 14ஆவது பிரிவு சொல்கிறது. மேஸ்திரியின் சிட்டை நோட்டை வாங்கிப் பார்க்கத் தடை ஏதும் இல்லை. தேவைப்படுவது அரை மணி நேரம். ஒரு நாளைக்கு அத்தனை வழக்குகள் அடுக்கியிருக்கும் மேசையில் அந்த அரை மணி நேரம்தான் அரிய பொருள்.

இனி, பாக்கி. உத்தரவை மீறினால் வாரண்ட். அபராதத்தை வசூலிப்பதுபோல் சொத்திலிருந்து வசூலிக்கலாம். அப்படியும் வராவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஒரு பாக்கி கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும். இது தெரியாமல் பல மாதப் பணத்தை இழந்த தாய்மார்கள் ஏராளம். சிறையில் இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி பாக்கிதான். சிறை என்பது பணம் கட்ட வைப்பதற்கான வழி. கடனைத் தீர்த்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1980களிலேயே தெளிவாக்கிவிட்டது.

அரசு ஊழியர் விஷயத்தில் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவுப்படி, ஜீவனாம்சத் தீர்ப்புக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை பற்றுகை செய்யலாம். பணம் அலுவலகத்திலேயே பிடித்தமாகும். கைது என்ற பேச்சே எழாது. அதே பிரிவு கூலித் தொழிலாளியின் கூலியைப் பற்றுகை செய்யக் கூடாது என்கிறது. கடன்காரர்களிடமிருந்து ஏழையைக் காக்க எழுதப்பட்ட நல்ல விதி. ஆனால், விளைவைப் பாருங்கள். சம்பளக்காரரிடமிருந்து காசோலை வருகிறது. கூலிக்காரரின் கூலியைத் தொட முடியாது, பறிக்கச் சொத்தும் கிடையாது. மிஞ்சுவது அவர் உடம்பு. அதை உள்ளே வைக்கிறோம்.

பெயின்டர் ஒருவர் அப்படி ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். அந்த மாதக் கூலி போயிற்று. ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டுவிட்டதால் அடுத்த மாதக் கூலியும் போயிற்று. அவர் மனைவிக்காக நின்றவள் நான். வாரண்டுக்கு மனு போட்டவளும் நான். “உள்ள போயி என்ன மேடம் ஆச்சு? எனக்கு ஒரு ரூவா வரலையே” என்று அந்தப் பெண் கேட்டபோது பதில் இல்லாமல் நின்றேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கையில் எதுவுமே இல்லை என்று மூன்று ஆண்டுகள் சாதித்த ஒருவர், வாரண்டோடு போலீஸ்காரர் வீட்டு வாசலுக்கு வந்த அன்று மாலையே முழுப் பாக்கியையும் ரொக்கமாகக் கொண்டுவந்து கட்டினார். வட்டிக்கு விடுகிறவர். வாரண்ட் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பணம் ஒருநாளும் கிடைத்திருக்காது. ஆகவே, சிறை என்ற ஆயுதத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். வேறு எந்தப் பிடியும் இல்லாத பெண்களின் கடைசிப் பிடி அது. யார்மீது வீசுகிறோம் என்று பார்த்து வீசுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இந்த இடத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1978இல் அவர் அளித்த தீர்ப்பொன்று, இந்த 125ஆவது பிரிவு பெண்களையும் குழந்தைகளையும் காப்பதற்கென்றே பிறந்த சமூக நீதிச் சட்டம், அரசமைப்பின் 15(3), 39 ஆகிய கூறுகளின் நிழலில் அதைப் படிக்க வேண்டும் என்றது. ஜீவனாம்ச வழக்கில் பெண்கள் பக்கம் வாதாடுகிற எவரும் இன்றுவரை அதைச் சொல்லித்தான் தொடங்குகிறோம். அதே நீதிபதி 1980இல் ஒரு வங்கிக் கடன் வழக்கில், கட்ட வழியில்லாத ஒருவரைக் கடனுக்காகச் சிறையில் அடைப்பது வாழ்வுரிமை தரும் 21ஆவது கூறுக்கே விரோதம், கையில் இருந்தும் கொடுக்காத கெட்ட எண்ணம் இருந்தால்தான் சிறை என்று தீர்ப்பளித்தார். கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத் துறையைக் கவனித்தவர். அதற்கு முன் சிறையையே பார்த்தவர். வங்கிக் கடனும் பிள்ளையின் சோறும் ஒன்றல்ல. இரண்டாவது தீர்ப்பை ஜீவனாம்சத்துக்கு அப்படியே பொருத்த முடியாது, பொருத்தவும் கூடாது. ஆனாலும், இல்லாதவர் யார், மறைப்பவர் யார் என்று பிரித்தறியாமல் சிறைக் கதவைத் திறக்காதீர்கள் என்ற அவருடைய எச்சரிக்கை ‘போதிய காரணமின்றி’ என்ற சொற்களுக்குள் உயிரோடு இருக்கிறது. வாரண்ட் பிறப்பிக்கும் முன் கடைசி மூன்று மாதம் என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு கேள்வி, அதற்கு எழுத்தில் ஒரு பதில். இவ்வளவு இருந்தாலே பெயின்டரும் வட்டிக்காரரும் வேறு வேறு ஆட்கள் என்று தெரிந்துவிடும்.

தகப்பன்மார்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் வாங்காமல் ஒளிவது, வாய்தாவுக்கு வராமல் இருப்பது, ஒருதலைப்பட்சமாக உத்தரவானதும் மேலே கையைக் காட்டுவது, இவையெல்லாம் பாக்கியைத்தான் வளர்க்கும். அப்படி உத்தரவானால்கூட, தக்க காரணம் காட்டி மூன்று மாதத்துக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். சாரம் சரிந்து கால் முறிந்தால், ஆலை மூடினால், வருமானம் உண்மையாகவே விழுந்தால், தொகையைக் குறைக்கக் கேட்கும் உரிமை முன்பு 127, இப்போது 146ஆவது பிரிவில் இருக்கிறது. கால் முறிந்த மாதமே போக வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து வாரண்டோடு வருபவரிடம், அப்போதே ஏன் வரவில்லை என்றுதான் எந்த நீதிபதியும் கேட்பார். முழுத் தொகை முடியாவிட்டால் முடிந்ததைக் கட்ட வேண்டும். வங்கியில் கட்ட வேண்டும், ரசீதை வைத்திருக்க வேண்டும். வழக்கறிஞர் வைக்கக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச உதவி உண்டு. மற்ற ஆண்களுக்கும் வரம்புக்குள் இருந்தால் உண்டு.

பிள்ளையைப் பார்க்க விடவில்லை, அதனால் கட்ட மாட்டேன் என்ற பேச்சை மட்டும் நான் பொறுத்துக்கொள்வதில்லை. பார்க்கும் உரிமைக்குத் தனி மனு இருக்கிறது, அதைப் போடுங்கள், நானே வாதாடுகிறேன். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பிள்ளைக்குப் பசிக்கும். அவளும்தான் சம்பாதிக்கிறாளே என்ற வாதமும் அப்படியே. தாயின் வருமானத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கத்தான் செய்கிறது. ஆனால், சமைத்து, குளிப்பாட்டி, காய்ச்சலுக்கு விடிய விடிய விழித்திருப்பவளின் பங்கு ரூபாயில் எழுதப்படாமலேயே போகிறது. அதை முன்கூட்டியே செலுத்திவிட்ட பிறகுதான் அவள் நீதிமன்றத்துக்கு வருகிறாள்.

தகப்பனால் உண்மையிலேயே முடியாத மாதம் என்று ஒன்று இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டால், அந்த மாதம் பிள்ளைக்கு யார் கொடுப்பது என்ற கேள்வி வரும். நம் சட்டம் இதற்கு வாய் திறப்பதில்லை. ஜெர்மனி 1980 முதல் ஒரு பதில் வைத்திருக்கிறது. சேர்ந்து வாழாத பெற்றோர் பணம் தராவிட்டால் அரசு முன்பணமாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிடும். பிறகு தர வேண்டியவரிடமிருந்து அரசே வசூலிக்கும். 2017 முதல் 18 வயது வரை அது கிடைக்கிறது. பாக்கியைக் கேட்டு அலையும் வேலை தாயின் தோளிலிருந்து அரசின் தோளுக்கு மாறுகிறது. கட்டுபவர் தன் பிழைப்புக்கென்று வைத்துக்கொள்ளக்கூடிய குறைந்தபட்சத் தொகையும் அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஸ்வீடனிலும் இத்தகைய முன்பணம் உண்டு.

பணக்கார நாடுகளின் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம்மிடமே இதன் விதை இருக்கிறது. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு பிரிவு உண்டு. கணவரை இழந்த, விவாகரத்தான, குடும்பத்தால் கைவிடப்பட்ட தாய்மாரின் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் கிடைக்கிறது. ஜீவனாம்ச வழக்கு போடும் ஏழைத் தாய்மாரில் எத்தனையோ பேர் இந்த வரையறைக்குள் வருவார்கள். நான் வாதாடிய ஒரு வழக்கில்கூட, இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பித்தீர்களா என்று எவரும் அந்தத் தாயைக் கேட்டதில்லை. பல ஆண்டுகள் நானும் கேட்டதில்லை. நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு மேசை போட்டு, ஜீவனாம்ச மனு எண் விழுந்த அன்றே இந்த விண்ணப்பத்தையும் எழுதி வாங்கினால் என்ன குறைந்துவிடும்? தகப்பன் கட்டாத மாதத்தில் அரசு கொடுத்து, நல்ல மாதத்தில் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஒரு சிறு நிதியைத் தமிழ்நாடு தொடங்கினால் என்ன? மீன்பிடித் தடைக் காலத்துக்கும் உப்பளத்துக்கும் நிவாரணம் தரத் தெரிந்த மாநிலத்துக்கு இது புரியாத கணக்கு அல்ல.

கொத்தனாரின் வழக்கு கடைசியில் லோக் அதாலத்துக்கு வந்தது. இம்முறை நான் பன்னிரண்டு மாதக் கணக்கை எழுதிக்கொண்டு போயிருந்தேன். மேஸ்திரியின் நோட்டு, கைப்பேசியில் வந்த கூலி விவரம், எல்லாம் இருந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு மாதத்தையும் விரல் வைத்துப் படித்தார். எங்கும் மறுக்கவில்லை. “இதைத்தான நான் அப்பவே கேட்டேன். கோர்ட்ல வந்து வேலையே இல்லைன்னு சொன்னா கோபம் வராதா?” என்றார். பேச்சு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தையிலிருந்து புரட்டாசி வரை மாதம் ஏழாயிரம். ஜூன் மாதம் பள்ளிச் செலவுக்குத் தனியாக ஐயாயிரம். பழைய பாக்கி தைக்கு மேல் தவணையில். எல்லாம் வங்கிக் கணக்கில். ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு மாதம் மூவாயிரம் என்று எழுதப் போனார்கள்.

கையெழுத்துப் போடும் முன் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். “மேடம், இவரு மழை மாசத்துல மூவாயிரம்தான் தர முடியும்னு ஒத்துக்கறேன். எனக்கும் கடையில அப்ப வியாபாரம் இருக்காது, பாதி நாள் லீவு விட்டுருவாங்க. மூணு மாசமும் நான் யாருகிட்ட போயி நிக்கிறது?”

கொத்தனார் நாலாயிரமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார். எங்கிருந்து கொடுப்பீர்கள் என்று உறுப்பினர் கேட்டதற்கு, “கைமாத்து வாங்கித்தாங்க” என்றார். நாலாயிரம் என்று திருத்தி எழுதி, திருத்திய இடத்தில் இருவரிடமும் சுருக்கொப்பம் வாங்கினார்கள்.